பத்தொன்பது ‘சாப்பிட்டியே’

சென்ற சனிக்கிழமை இங்கே ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கதவைப் பத்தொன்பது தடவை திறந்தேன். பத்தொன்பது தடவையும் வெளியே ஒரே ஆள்தான் நின்றார். பத்தொன்பது தடவையும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

“சாப்பிட்டியே?”

மனிதருக்கு மறதி வந்துவிட்டது என்று அவசரப்பட்டு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிடாதீர்கள். உங்கள் பத்தியாளர் சினிமாவில் நடித்துவிட்டார். அவ்வளவுதான்.

கலியாணவீட்டு வீடியோவில் சாப்பாட்டு மேசையைக் காட்டும்போது வாயில் வடையுடன் வருவேனே... அது இல்லை. இது நிஜப் படம். லண்டனிலிருந்து கமரா வந்தது. ஆளுயர விளக்குகள் வந்தன. அந்த விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு லொறி வந்தது. எனக்கு ஒரு காட்சி. அந்தக் காட்சியில் எனக்கு ஒரு சொல்.

ஒரு சொல்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படத்தின் இயக்குநர் பெயர் ஜெரோ. ஞானஸ்நானப் பெயர் ஜெரோம். தகப்பன் மன்னார்ப் பக்கம். பிள்ளை பிறந்து வளர்ந்தது லண்டன். முதலில் ராப் பாடகர், பிறகு நடிகர், இப்போது இயக்குநர். கதைப்படி, லண்டனில் தகப்பனோடு சண்டைபிடித்து வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவன், பல வருடம் பார்க்காத பெரியப்பாவைத் தேடி ஒஸ்லோ வருகிறான். கதவைத் தட்டுகிறான். பெரியப்பா திறக்கிறார். தட்டுகிறவர் ஜெரோ — இயக்கமும் அவரே, நடிப்பும் அவரே. திறக்கிற பெரியப்பா நான்.

லண்டனில் ஜெரோ தெரிந்த பெயர். என் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்த பெயர். ஏன் என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று ஏழு வருடமாக நினைத்திருந்தேன். சரிவரவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் கத்தோலிக்கத் தமிழர்களின் கிறிஸ்மஸ் ஒளிவிழா நடந்தது. ஒரு பள்ளிக்கூட மண்டபம். மத்தியானத்தில் தொடங்கிய விழா. மேடையில் வைக்கோலோடு மாட்டுக்கொட்டில், சிறகு கட்டிய சம்மனசு வேடத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளைகள், பின்னால் பற்றிசும் தேத்தண்ணியும். அறிவிப்பாளர் யார்? பகலில் பஸ் ஓட்டி, வாரக் கடைசியில் பத்தி எழுதி, ஒலிவாங்கியைக் கண்டால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற ஒருவர்தான். நான்தான்.

ஜெரோவுக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது இருக்கும். விடுமுறைக்கு மாமி வீட்டுக்கு வந்திருந்தான். (அப்போது ‘அவன்’. இப்போது ‘அவர்’. புகழ் வந்தால் தமிழில் விகுதியே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?) மாமி விழாக் குழுவில் இருந்ததால் அவனுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. இடுப்பில் நிற்பேனா விழுவேனா என்று யோசிக்கிற ஜீன்ஸ். தலையில் தொப்பி. கையில் ஒரு சீடி. “லண்டனில் இருந்து வந்திருக்கும் இளம் பாடகர் இப்போது ஒரு பக்திப் பாடல் பாடுவார்” என்று நான் அறிவித்தேன். யாரையும் கேட்கவில்லை. ஒளிவிழாவில் வேறு என்ன பாடுவார்கள்?

அவன் பாடினான். பாடினான் என்பதா, பேசினான் என்பதா? ஆங்கிலம் ஓடியது. இடையிடையே தமிழ் தடுக்கி விழுந்தது. தகப்பனின் பெற்றோல் நிலையம், அதன் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் தகப்பன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டுகிறவர்கள்... இப்படி ஏதோ. முன்வரிசை அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் கைதட்டித் தாளம் போட்டார்கள். முன்வரிசையில் இருந்த விழாத் தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஒலிக்காரரைப் பார்த்தேன். கழுத்தில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினேன்.

ஒலிவாங்கி செத்தது. அவன் கொஞ்ச நேரம் அது இல்லாமலே தொடர்ந்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு இறங்கினான். நான் இன்னொரு ஒலிவாங்கியோடு மேடைக்குப் போனேன். “சிறு தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்க வேண்டும்” என்றேன். அடுத்த நிகழ்ச்சி கும்மி. கும்மி தொடங்கியதும் கோளாறு தானாகச் சரியாகிவிட்டது.

அதோடு விட்டேனா? பத்தியாளன் அல்லவா... அந்தக் கிழமை இதே இடத்தில் எழுதினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாய்க்குள் ரயில் ஓடுகிறது என்றேன். தமிழை இப்படிக் கொத்திப் போட்டால் அதற்குப் பெயர் பாட்டு இல்லை, கொத்துரொட்டி என்றேன். தம்பி லண்டனுக்குத் திரும்பிப் போய்த் தகப்பனுக்குப் பெற்றோல் அடிக்க உதவினால் தமிழுக்கும் நல்லது, தகப்பனுக்கும் நல்லது என்று முடித்தேன்.

என் எழுத்து வாழ்க்கையில் அவ்வளவு தொலைபேசி அழைப்பு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கனடாவிலிருந்துகூட ஒருவர் எடுத்தார். தொலைபேசி அட்டை முடியும்வரை சிரித்தார். நான் ஒரு கிழமை தரையில் நடக்கவில்லை.

பிறகு அந்தப் பையன் மேலே போகத் தொடங்கினான்.

முதலில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பால் பெட்டி தூக்கிக்கொண்டு கமராவைக் கடந்து போனான். பிறகு டாக்சிக்காரன். அடுத்தது பொலிஸ் தேடுகிற சந்தேக ஆள் — நம் நிறத் தோலுக்கு அந்தத் தொலைக்காட்சிகளில் அதிகம் கிடைத்த உத்தியோகம் அது. அடுத்த வருடம் சந்தேக ஆளுக்குக் கட்டுப்போடுகிற டாக்டர். அந்த இடத்தில்தான் நானும் ‘அவர்’ என்று சொல்லத் தொடங்கினேன். டாக்டரை எப்படி அவன் என்பது?

மற்றவர்கள் எழுதித் தருகிற ஆளாகவே நடித்து அலுத்துவிட்டது போலும். தகப்பனின் பெற்றோல் நிலையத்திலேயே ஒரு குறும்படம் எடுத்தார். கமரா சிநேகிதனுடையது. தகப்பனாக நடித்தது தகப்பனேதான். அது ஒரு பட விழாவில் பரிசு வாங்கியது. அதைப் பார்த்த யாரோ பெரிய படத்துக்கு உதவ முன்வந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் மகள் அனெற் சொல்லித்தான். ஜெரோ வந்துபோகிற ஒவ்வொரு தொடரையும் டிவிடியில் தபாலில் எடுப்பாள். பால் பெட்டி போகிற இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பாள். நான் பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேன்.

அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்தப் பத்திரிகையும் ஒரு விரற்கடை மேலே ஏறியது. குற்ற உணர்ச்சி என்று சொன்னால் என்னை நல்ல மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள். பயம்தான். நாளைக்கு இவர் எங்காவது மேடையில் ஏறி, ‘ஒஸ்லோவில் ஒரு பஸ்காரர் என் மைக்கைப் பிடுங்கினார்’ என்று சொன்னால்? போன வருடம் என் பத்திகள் புத்தகமாக வந்தபோது அந்தப் பத்தி மட்டும் அதில் இல்லை. ஏன் என்று சிலர் கேட்டீர்கள். பக்கம் போதவில்லை என்றேன். பக்கம் போதும். நெஞ்சுதான் போதவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மாதத்துக்கு முன் அனெற் குசினியில் வந்து நின்றாள்.

“அப்பா, ஜெரோ ஒஸ்லோவில படம் எடுக்க வாறார். நான் அவையளுக்கு மெயில் போட்டனான். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருக்கினம்.”

அனெற்றுக்குப் பதினேழு வயது. ஊடகத் துறை படிக்கிறாள். படத்தில் சில்லறை வேடங்களில் வருகிற நம் ஆட்களுக்கும் லண்டன் ஆட்களுக்கும் இடையில் அவள் பேச வேண்டும்.

“நல்லது பிள்ளை” என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஒரு பெரியப்பாவும் தேவையாம். உங்கட போட்டோவைக் காட்டினனான். ஜெரோவுக்குப் பிடிச்சிருக்காம்.”

பயம் எங்கே போனது? தெரியாது. அந்த இடத்தில் என் நடிப்பு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. மனிதன் எவ்வளவு மலிவானவன் பாருங்கள்... ஏழு வருடப் பயம், ஒரு வேடம் தருகிறோம் என்றதும் எழுந்து இடம் கொடுத்துவிட்டது.

ஒரு மாதம் பஸ்ஸிலேயே ஒத்திகை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் “சாப்பிட்டியே?” என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். முன் இருக்கையில் இருந்த ஒரு நோர்வேக்காரி, தன்னிடம் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து எழுந்து வந்தார். அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லிச் சமாளித்தேன்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் தலைக்கு மை பூசினேன். சினிமா அல்லவா? என் மனைவி ஜெசிந்தா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, மை தலைக்கோ காதுக்கோ?”

கலைஞர்கள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

மறுநாள் ஒப்பனைக்காரப் பெண் என்னைக் கண்டதும் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். அனெற்றிடம் ஏதோ சொன்னார். அனெற் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்பா, உங்கட நரைமயிருக்காகத்தான் உங்களை எடுத்தவை.”

முக்கால் மணித்தியாலம் ஒரு பழைய பல்துலக்கியால் என் தலையில் வெள்ளை தேய்த்தார்கள். நான் கொண்டுபோயிருந்த கலியாணக் கோட்டும் தேவைப்படவில்லை. சாரமும் கிழிந்த ஸ்வெட்டரும் தந்தார்கள். வீட்டில் நான் தினமும் இருக்கும் கோலம்தான். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அனெற்றைப் பார்த்தேன். அவள் எங்கேயோ பார்த்தாள்.

ஜெரோ வந்து கைகொடுத்தார். மெலிந்த உருவம், தொப்பி இல்லை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. “வணக்கம் அங்கிள்” என்றார். அவ்வளவுதான். அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தலையில் தேய்த்த வெள்ளை காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

முதல் டேக். கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். இளவயதில் நாட்டுக்கூத்தில் மந்திரியாக நின்றவன் நான். அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். “சாப்பிட்டியே?” மேல் மாடியிலிருந்து ஒரு சோமாலியப் பெண் இறங்கி வந்து, பொலிசுக்குப் போன் அடிக்கவா என்று கேட்டார்.

இரண்டாம் டேக்கில் கமராவைப் பார்த்துக் கேட்டேன். ஐந்தாவதில் கண்ணீர் வரவழைத்தேன். கண்ணீரோடு மூக்கும் வந்தது. ஒன்பதாவதில் ஒரு சொல் போதாது என்று பட்டது. “ஐயோ ராசா, சாப்பிட்டியே, என்ன கோலமடா இது, உன்ர கொப்பன்...” என்று நீட்டினேன். பதின்மூன்றாவதில் அவர் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டேன்.

ஒவ்வொரு தடவையும் ஜெரோ படியிறங்கிப் போய்ச் சின்னத் திரையில் பார்த்தார். திரும்பி வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. “அங்கிள், நல்லம். கொஞ்சம்... குறைச்சு.” பிறகு அனெற்றிடம் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ விளக்குவார். லண்டன் ஆங்கிலம் — நான் படித்த ஆங்கிலத்துக்குப் பிடிபடாத வேகம். அனெற் அதைச் சுருக்கிச் சொல்வாள்.

“நடிக்க வேண்டாமாம் அப்பா.”

பதினெட்டாவது டேக்கும் சரிவராமல் போனதும் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

கீழே கட்டடத்துப் பொது அறையில் சோற்றுப் பார்சல். ஜெரோ என் எதிரே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அனெற். சோற்றைப் பிசைந்தேன். இறங்கவில்லை. பதினெட்டுத் தடவை என்னைப் பொறுத்துக்கொண்ட ஆளிடம் பொய் முகத்தோடு இருந்து சாப்பிட முடியவில்லை. அந்த அளவுக்கு இன்னும் கெட்டுப் போகவில்லை.

“தம்பி, ஒரு விஷயம் கதைக்க வேணும்” என்றேன். “ஏழு வருசத்துக்கு முதல் நீர் இஞ்சை ஒளிவிழாவில பாடினனீர். மைக்கை நிப்பாட்டச் சொன்னது நான்தான். பழுது எண்டு சொன்னது பொய். பிறகு பத்திரிகையிலயும் உம்மைப் பகிடிபண்ணி எழுதினனான்.”

அனெற் என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை.

ஜெரோ யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே முயன்றார் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் பல இடத்தில் மைக் நின்றது, ஒரு இடத்தில் தண்ணீர்ப் போத்தலே பறந்து வந்தது, ஒஸ்லோவில் நின்றது ஞாபகம் இல்லை என்றார். பத்திரிகை விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறாராம். தமிழ் வாசிக்கத் தெரியாது.

“சொறி அங்கிள்” என்றார்.

ஞாபகம் வைத்திருக்காததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஒரு கலைஞனைக் கொல்லப் பார்த்த பாவத்தை ஏழு வருடம் சுமந்திருக்கிறேன். கொலையுண்டவருக்கு விஷயமே தெரியாது. நிம்மதி வர வேண்டும், இல்லையா? வந்தது. அதன் பின்னாலேயே ஒரு ஏமாற்றமும் வந்தது. என் எழுத்தின் வலிமை அவ்வளவுதானா?

ஜெரோ பார்சலை மடித்து வைத்தார். ஒஸ்லோவில் வேறொன்று ஞாபகம் இருக்கிறது என்றார். எனக்கு மரியாதை கொடுத்து, சொல் சொல்லாக, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எனக்கே விளங்கியது.

அன்றைக்குப் பாட்டு முடிந்து, மண்டபத்துக்கு வெளியே கோட்டுகள் தொங்குகிற இடத்தில் மாமிக்காகக் காத்து நின்றிருக்கிறார். ஒரு சிறுமி வந்தாளாம். பத்து வயது இருக்கும். கொப்பியில் கிழித்த ஒரு தாளை நீட்டினாளாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த ராப். வாசித்துக்காட்டு என்றதும் அங்கேயே நின்று வாசித்தாளாம். அவளுடைய அப்பாவின் பஸ்ஸைப் பற்றியது. ஊரிலுள்ள எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிற பஸ். அவள் நிற்கிற தரிப்பில் மட்டும் நிற்காத பஸ்.

“என்னைவிடக் கெட்டிக்காரி” என்றார் ஜெரோ. அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று அடிக்கடி யோசிப்பாராம். இப்போதும் எழுதுகிறாளா?

சொல்லிவிட்டு அனெற்றைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி.

அனெற் என்னைப் பார்த்தாள்.

“சோறு நல்லமாம் அப்பா” என்றாள்.

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிற அப்பாவை வைத்துக்கொண்டு, அந்த ஒளிவிழாவுக்கு வந்த, அன்றைக்குப் பத்து வயதான தமிழ்ப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் ஒருத்தியைத்தான் அறிவேன். அவள் என் பக்கத்தில் இருந்து பருப்பைச் சோற்றோடு குழைத்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாவது டேக். கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். ஜெரோ நின்றார். அவருக்குப் பின்னால் கமரா. கமராவுக்குப் பின்னால் படிக்கட்டில், வசனத் தாளைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அனெற் நின்றாள். மந்திரிக் குரலைத் தேடினேன். கிடைக்கவில்லை. தொண்டையில் இருந்தது கொஞ்சம் காற்றுத்தான்.

“சாப்பிட்டியே?”

ஜெரோ திரையைப் பார்க்கப் போகவில்லை. “இதுதான் அங்கிள்” என்றார். யாரோ கைதட்டினார்கள். பாராட்டுக்காக நான் தலை நிமிராத முதல் கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும்.

மாலை நாலு மணிக்கு அனெற்றும் நானும் வீட்டுக்கு நடந்தோம். பனி கொட்டி ஓய்ந்திருந்தது. எங்கள் வீடு அங்கிருந்து அரை மணி நேர நடை. கால்வாசித் தூரம் போனதும் கேட்டேன்.

“அந்தப் பிள்ளை நீயோ?”

“ஓம்.”

“எனக்கு ஏன் காட்டேல்லை?”

“காட்டத்தான் இருந்தனான். நல்லா எழுதிப்போட்டுக் காட்டுவம் எண்டு வச்சிருந்தன்.”

“பிறகு?”

அவள் கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ரீச்சர் உங்கட பத்தியை வகுப்பில வாசிச்சவ. நல்ல தமிழுக்கு உதாரணமாம். வாய்க்குள்ள ரயில், கொத்துரொட்டி... எல்லாரும் சிரிச்சவை.”

“நீ?”

“நானும் சிரிச்சனான்.”

எனக்கு அந்தச் சனிக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அன்று சாப்பிடும்போது நான் அதை ஜெசிந்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அனெற் எதிரே இருந்தாள். “ஓம் அம்மா, வகுப்பில வாசிச்சவை” என்று எனக்குச் சாட்சியும் சொன்னாள்.

நின்றுவிட்டேன். அவளும் நின்றாள்.

“என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை.”

நம் ஊர் அப்பாமாரின் வாயில் இந்த வசனம் சுலபத்தில் வராது. எனக்கும் ‘சாப்பிட்டியே’யைவிடக் கஷ்டமாக இருந்தது.

“டெ கோர் ப்ரா, அப்பா” என்றாள். பரவாயில்லையாம். நான் தமிழில் கேட்டேன். அவள் நோர்வே மொழியில் மன்னித்தாள்.

கொஞ்சத் தூரம் போனதும் அவளாகவே சொன்னாள். “நான் எழுதுறதை விடேல்லை. நொஷ்க்கில எழுதுறன். மூண்டு கொப்பி முடிஞ்சுது.”

“நல்லதுதானே. ஏன் நோர்வே மொழியில?”

“நீங்கள் நொஷ்க்கில பத்தி எழுதமாட்டியள்தானே.”

கோபமில்லாமல் சொன்னாள். எந்த பஸ் எந்தப் பக்கம் போகும் என்று வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நம் பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள் இல்லையே என்று இந்த இடத்தில் எத்தனை தடவை அழுதிருக்கிறேன்? தொலைக்காட்சியைத் திட்டினேன். கணினியைத் திட்டினேன். நோர்வேப் பள்ளிக்கூடத்தை, பாலர் பாடசாலையை, தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விடாத பெற்றோரை, ஒன்றையும் மிச்சம் விடவில்லை. நீங்களும் தலையாட்டி வாசித்தீர்கள். அந்த நேரத்தில் என் வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே, ஒரு பிள்ளை தமிழில் ஒரு தாள் எழுதி, நல்லா வரட்டும் என்று ஒளித்து வைத்திருந்தது. எழுத்து ஆங்கிலமாக இருந்தால் என்ன... சொல் தமிழ். பொருள் அப்பா. அந்த ஒரு தாளையும் நல்ல தமிழை உதாரணம் காட்டி நிறுத்திவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் குறிவைத்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பால் பெட்டி தூக்கி, சந்தேக ஆளாகி, டாக்டராகி, படமும் எடுக்க வந்துவிட்டார். பகிடி எப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது. யாரை நோக்கி எறிகிறோமோ அவர் குனிந்துவிடுகிறார். பின்னால் நிற்கிற, உயரம் குறைந்த யாருக்கோ படுகிறது. உயரம் குறைந்தவர் என்பதால் நமக்குத் தெரிவதுமில்லை.

“ஒண்டு சொல்லிக் காட்டுவியே?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “ஒண்டும் சொல்லக்கூடாது. நல்லம் எண்டும் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டன்.”

தண்டவாளத்துக்கு மேலே போகிற நடைபாலத்தில் நின்று சொன்னாள். கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, குதிக்காலால் பாலத்தில் தாளம் தட்டிக்கொண்டு. இருபது வருடமாக இந்த மொழியில் பயணிகளோடு பேசுகிறேன். பாதிதான் விளங்கியது. ஒரு இடத்தில் அவள் குரல் சட்டென்று தணிந்தது. அந்த இடத்தில் எனக்குக் காது சில்லிட்டது. குளிர் என்றும் சொல்லலாம். சொல்லமாட்டேன்.

முடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும்.

திங்கட்கிழமை கடைசி நாள் படப்பிடிப்பில், அந்தச் சிறுமி தான்தான் என்று அனெற் ஜெரோவிடம் சொல்லியிருக்கிறாள். அவர், இப்போது எழுதியதில் ஒன்றை அனுப்பு என்றாராம். எந்த மொழியில் என்று இவள் கேட்டாளாம். அது உன் விருப்பம் என்றாராம். அனுப்பினாளா, எந்த மொழியில் அனுப்பினாள்... எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகுகிறேன். இந்த வயதில் பழகுவதற்குச் சாரத்தோடு நடிப்பது எவ்வளவோ சுலபம்.

படம் எப்போது வரும் என்று தெரியவில்லை. என் ‘சாப்பிட்டியே’ அதில் மிஞ்சுமா என்றும் தெரியவில்லை. மிஞ்சினால் தலையைப் பார்க்காதீர்கள்.

இந்தப் பத்தியை அச்சுக்கு அனுப்ப முதல் அனெற்றிடம் கொடுத்தேன். இதுவரை செய்யாத வேலை. எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, ஒன்றரை மணித்தியாலம் வாசித்தாள். ஜெசிந்தா இரண்டு தடவை தேத்தண்ணி வைத்தாள். அனெற் கடைசியில் பேனையை எடுத்து இரண்டு இடத்தை வெட்டினாள்.

இரண்டும் நான் என்னைப் பற்றி நல்லதாக எழுதிய இடங்கள்.